வணிகச் செய்தியில் பெண்கள்: மும்பையில் ஏணி இருக்கு... தமிழில் முதல் படியே இல்லையே, ஏன்?

2024 ஜூலை 23. நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் வாசித்துக்கொண்டிருந்தார். தங்கம், வெள்ளி மீதான இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைகிறது என்று ஓர் அறிவிப்பு வந்தது. சென்னையில் அன்றைக்கே சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது.

நகை வாங்கக் காத்திருந்தவர்களுக்கு இது நல்ல சேதி. காஞ்சிபுரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள முசரவாக்கம் போன்ற ஊர்களுக்கும் இது பிழைப்பு சம்பந்தப்பட்ட சேதி. பட்டுப் புடவையின் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசிச் செய்வது. வெள்ளியும் தங்கமும் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் புடவையின் அடக்க விலையும் கூடவே நகரும். வரி குறைந்தால் ஜரிகை எவ்வளவு இறங்கும்? எப்போது இறங்கும்? பழைய விலையில் வாங்கி வைத்த ஜரிகையில் நஷ்டம் யாருக்கு? கையில் இருக்கிற ஆர்டருக்குப் பழைய விலையா, புது விலையா?

இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான் வணிகச் செய்தி சேனல்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட சேனலைத் திருப்பினால், பட்ஜெட் நாளில் அந்த அலசலை நடத்துபவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார். தமிழில் திருப்பலாம் என்றால், திருப்புவதற்கு அப்படி ஒரு சேனலே கிடையாது. நகைக்கடை வாசலில் நீட்டப்படும் மைக்கும், “விலை குறைஞ்சிருக்கே, சந்தோஷமா?” என்ற கேள்வியும்தான் வழக்கமாகக் கிடைப்பவை.

அந்த வரிக் குறைப்பின் பலன் நீண்ட நாள் நிற்கவும் இல்லை. ஆறே மாதத்தில், 2025 ஜனவரியில், சவரன் விலை 60,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. உலகச் சந்தையில் தங்கம் ஏறியதும், டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கியதும் சேர்ந்து வரிச் சலுகையை விழுங்கிவிட்டன. இதை எளிமையாக, நேரலையில், தவறில்லாமல் சொல்வதே ஒரு தனி வேலை. இந்தியாவில் அந்த வேலையில் பெண்கள் வளர்ந்த கதை கவனிக்க வேண்டிய ஒன்று.

இது செய்தி வாசிப்பு மாதிரிதானே?

இல்லை. வித்தியாசம் பெரிது.

பொதுச் செய்தி வாசிப்பவருக்கு முன்னால் டெலிப்ராம்ப்டர் ஓடும். யாரோ எழுதிய வரிகளைத் தெளிவாக, திருத்தமாக வாசிக்க வேண்டும். அதுவும் சுலபமான வேலை அல்ல. வணிகச் சேனலின் காலை நிகழ்ச்சியிலோ எழுதி வைத்துப் படிக்கிற பகுதி கொஞ்சம்தான். மீதியெல்லாம் அந்த நிமிடத்தில் நடப்பது.

காலை 6.30க்கு கிஃப்ட் நிஃப்டி வர்த்தகம் தொடங்கும். அதற்கு முன்பே தொகுப்பாளர் ஸ்டூடியோவுக்கு வந்து, அமெரிக்கச் சந்தை முடிந்த விதம், கச்சா எண்ணெய் விலை, டாலர் மதிப்பு எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். 9 மணிக்கு முன்-வர்த்தகம், 9.15க்குச் சந்தை திறப்பு, மாலை 3.30க்கு மூடல். இடையில் காதில் மாட்டிய இயர்பீஸில் தயாரிப்பாளர் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருப்பார். எதிரே விருந்தினர் பேசுவார். கீழே டிக்கர் ஓடும். நடுவில் ஒரு நிறுவனத்தின் காலாண்டு முடிவு வந்து விழும்.

லாபம் இரண்டு மடங்கு என்று இருக்கும். அதை அப்படியே சொல்லிவிட்டால் பார்ப்பவர் பங்கை வாங்கிவிடுவார். அடுத்த பக்கத்தில், நிலம் விற்றதால் வந்த ஒருமுறை வருமானம் அது என்று இருக்கும். வியாபாரத்தில் வளர்ச்சியே இல்லை. அந்த இரண்டாவது வரியைச் சில நிமிடங்களுக்குள் கண்டுபிடிப்பவர்தான் நல்ல வணிகச் செய்தித் தொகுப்பாளர்.

2025 ஜூன் 6 ஒரு நல்ல உதாரணம். அன்று காலை 10 மணிக்கு ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைத்தது. கால் சதவீதக் குறைப்பைத்தான் பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். வந்தது அரை சதவீதம். கூடவே வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைத்திருக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதத்தையும் ஒரு சதவீதம், நான்கு கட்டமாகக் குறைப்பதாக அறிவித்தது. தலைப்புச் செய்தி இதுதான். ஆனால் அதே அறிக்கையில், வட்டிக் குறைப்புக்குச் சாதகமாக இருந்த நிலைப்பாட்டை மாற்றி ‘நடுநிலை’ என்று ஆக்கியிருந்தது. ‘இப்போது நிறையக் குறைத்துவிட்டோம், இனிமேல் அவ்வளவு இடமில்லை’ என்பது அதன் அர்த்தம். வீட்டுக் கடன் தவணை குறையுமா என்று காத்திருப்பவருக்கு முதல் தகவலை விட இரண்டாவது தகவல்தான் முக்கியம். நேரலையில் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வேலையில் முகம் வேண்டும், குரல் வேண்டும். ஆனால் முதலீடு என்னவோ தலைக்குள் இருப்பதுதான்.

எப்போது தொடங்கியது?

அமெரிக்காவில் 1981ல் எஃப்.என்.என். என்ற நிதிச் செய்தி சேனல் தொடங்கியபோதே அதில் இருந்தவர் சூ ஹெரேரா. 1989ல் சி.என்.பி.சி. தொடங்கியபோது அதன் முதல் தொகுப்பாளர்களில் ஒருவர். அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் திரையில் இருந்தார்.

1993ல் சி.என்.பி.சி.க்கு வந்த மரியா பார்ட்டிரோமோ, 1995ல் நியூயார்க் பங்குச் சந்தையின் தரைத்தளத்திலிருந்தே நேரலையில் செய்தி சொன்ன முதல் பத்திரிகையாளர் ஆனார். அதுவரை அந்தத் தளம் கத்திக் கூச்சலிட்டு வியாபாரம் பண்ணும் ஆண்களின் கோட்டை. அவர் அங்கே நின்று எண்களைச் சொன்னார். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர், ‘மணி ஹனி’. பணத்தையும் செல்லக் கொஞ்சலையும் எதுகை போட்டு ஒட்டிய பெயர். ஓர் ஆண் நிருபர் அதே இடத்தில் நின்றிருந்தால் இப்படி ஒரு பெயர் கிடைத்திருக்குமா என்று யோசித்தால் விஷயம் புரியும்.

இந்தியாவில் வணிகப் பத்திரிகைத் துறையில் பெண்களுக்கு வழிவிட்ட செய்தி அச்சில்தான் வந்தது. 1992 ஏப்ரலில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஹர்ஷத் மேத்தா ஊழலை வெளியே கொண்டுவந்தவர் சுசேதா தலால். ‘ஸ்கேம் 1992’ இணையத் தொடர் பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2006ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

1999 டிசம்பரில் சி.என்.பி.சி. இந்தியாவுக்கு வந்தது. 2005 ஜனவரியில் ஹிந்தியில் சி.என்.பி.சி. ஆவாஸ், ஆங்கிலத்தில் என்.டி.டி.வி. ப்ராஃபிட். 2009ல் இ.டி. நவ். பத்து வருஷத்துக்குள் ஒரு புதுத் தொழிலே உருவாகிவிட்டது. ‘இது எங்கள் இடம்’ என்று பாய் விரித்து உட்கார்ந்திருந்த மூத்தவர்கள் புதுத் தொழிலில் குறைவு. வணிகவியல், பொருளாதாரம் படித்த இளம் பெண்கள் அந்த இடைவெளியில் உள்ளே வந்தார்கள்.

ஏறியவர்கள் யார்?

ஷெரீன் பான்: 2000 டிசம்பரில் சி.என்.பி.சி. டிவி18ல் சேர்ந்தார். புதுத் தொழில் தொடங்குபவர்களைப் பற்றிய ‘யங் டர்க்ஸ்’ நிகழ்ச்சியை, ஸ்டார்ட்அப் என்ற சொல் நம் ஊரில் பரவுவதற்கு முன்பிருந்தே நடத்தினார். 2013 செப்டம்பரில் உதயன் முகர்ஜிக்குப் பிறகு சேனலின் நிர்வாக ஆசிரியர் ஆனார். திரையில் கேள்வி கேட்பவரே, எது செய்தி என்று முடிவு செய்யும் நாற்காலியிலும் உட்கார்ந்தார்.

லதா வெங்கடேஷ்: அதே சேனலில் வங்கித் துறை, ரிசர்வ் வங்கி என்றால் இவர்தான். நிதிக்கொள்கை அறிவிப்புக்குப் பிறகு ஆளுநர் நடத்தும் பத்திரிகையாளர் சந்திப்புகளில் வருஷக்கணக்காகக் கேள்வி கேட்டு வருபவர். ஆளுநர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கேள்வி கேட்கும் நாற்காலியில் அவர் இருக்கிறார்.

மேனகா தோஷி: கம்பெனிச் சட்டம், நிறுவனங்களை வாங்குவது விற்பது என்று யாரும் எளிதில் தொடாத பகுதியை எடுத்து ‘தி ஃபர்ம்’ என்ற நிகழ்ச்சியாக்கினார். பிறகு ப்ளூம்பெர்க்க்விண்ட்டின் நிர்வாக ஆசிரியர்.

மித்தாலி முகர்ஜி: டிவி18ல் சந்தைச் செய்திகளின் ஆசிரியராக இருந்தவர், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக உயர்ந்தார்.

வணிகச் சேனலிலிருந்து வேறு பாதைக்குப் போனவர்களும் உண்டு. ஷைலி சோப்ரா, பெண்களுக்கான ‘ஷீ த பீப்பிள்’ தளத்தைத் தொடங்கினார். இ.டி. நவ் சேனலில் நிர்வாகப் பொறுப்பில் இருந்த சுப்ரியா ஸ்ரீநேத், 2019ல் வேலையை விட்டு காங்கிரஸ் வேட்பாளராக உத்தரப் பிரதேசத்தின் மகாராஜ்கஞ்சில் நின்றார்.

இவர்களுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு ‘பீட்’ இருந்தது. ரிசர்வ் வங்கி, கம்பெனிச் சட்டம், ஸ்டார்ட்அப், சந்தை என்று ஆளுக்கு ஒரு வயலை உழுதார்கள்.

முகம் பழசாகும், பீட் பழசாகாது

பொதுச் செய்தியில் பெண் தொகுப்பாளர்களுக்கு என்ன நடக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

சூ ஹெரேரா நிதிச் சேனலில் வேலை தொடங்கிய அதே 1981ல்தான், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் கிறிஸ்டின் கிராஃப்ட் என்ற செய்தித் தொகுப்பாளர் அந்த நாற்காலியிலிருந்து இறக்கப்பட்டார். அவர் முப்பதுகளில் இருந்தார். வயதாகிவிட்டது, அழகு போதாது, ஆண்களிடம் பணிவு இல்லை என்று தன்னிடம் காரணம் சொல்லப்பட்டதாக வழக்குப் போட்டார். நடுவர் குழு இரண்டு முறை அவர் பக்கம் நின்றது. 1985ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

நாற்பது வருஷத்தில் எல்லாம் மாறிவிட்டதா? 2022ல் கனடாவின் சி.டி.வி., 35 ஆண்டுகள் தன்னிடம் வேலை பார்த்த லிசா லாஃப்ளாமை வெளியே அனுப்பியது. கொரோனா காலத்தில் அவர் தலைமுடிக்குச் சாயம் போடுவதை நிறுத்தியிருந்தார். வியாபார முடிவு என்றது நிறுவனம். நரைதான் காரணமா என்று நாடே விவாதித்தது.

வணிகச் செய்தியிலும் தோற்றத்தைப் பார்ப்பார்கள், அதில் சந்தேகமில்லை. நாட்டின் நிதியமைச்சருக்கே அந்தப் பார்வையிலிருந்து விலக்கு இல்லை. 2025 பட்ஜெட் நாளில் அவர் கட்டியிருந்த மதுபனி ஓவியப் புடவை தனிச் செய்தியாக ஓடியது. கைத்தறிக்கு அது நல்ல விளம்பரம், சரி. ஆனால் எந்த ஆண் நிதியமைச்சரின் கோட்டுத் துணியையும் யாரும் இப்படி அலசியதில்லை.

இருந்தாலும் வணிகச் செய்தியில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி எந்த வார்த்தையை மாற்றியது என்று இருபது வருஷ அனுபவத்தில் சட்டென்று பிடிக்கிற ஒருவரை, அழகான புதுமுகத்தால் அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. பார்ப்பவர் பணத்தைப் போட்டவர். அவருக்குச் சரியான பதில் வேண்டும். வயது கூடக் கூட மதிப்பும் கூடுகிற, பெண்களுக்கு டிவியில் அரிதாகக் கிடைக்கிற இடம் இது.

அப்போ எல்லாம் நல்லாத்தான் இருக்கா?

இல்லை. இறுகுகிற இடங்கள் பல.

விடியற்காலை ஷிஃப்ட்: காலை நிகழ்ச்சிதான் வணிகச் சேனலின் மகுடம். அதற்கு நாலு மணிக்கு எழ வேண்டும். பள்ளிக்குப் போகும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த நேரத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி, ஆண் தொகுப்பாளரை விடப் பெண் தொகுப்பாளரிடம்தான் அதிகம் கேட்கப்படுகிறது. 2017ல் திருத்தப்பட்ட பேறுகாலப் பலன் சட்டம் 26 வார விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் ஆறு மாதம் கழித்து வரும்போது பழைய நிகழ்ச்சி அதே ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. சந்தையும் காத்திருக்காது.

ஒப்பந்த வேலை: 1955ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நாளிதழ்காரர்களுக்கானது. டிவிக்காரர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், மின்னணு ஊடகத்திலும் டிஜிட்டலிலும் இருப்பவர்களை ‘உழைக்கும் பத்திரிகையாளர்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தன. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை உரிமை உண்டு. காலை 6 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ பெண்ணுக்கு வேலை கொடுத்தால், அவருடைய சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் கட்டாயம். விடியற்காலை ஷிஃப்ட் பார்ப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பிரிவு இது.

துன்புறுத்தல்: 2023 ஏப்ரலில் என்.பி.சி. யுனிவர்சல் என்ற பெரிய ஊடக நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஜெஃப் ஷெல் பதவி இழந்தார். புகார் கொடுத்தவர் அதே குழுமத்தின் சி.என்.பி.சி. தொகுப்பாளர் ஹேட்லி கேம்பிள். அடுத்த மாதமே அவரும் அந்தச் சேனலை விட்டுப் போனார். இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. பத்துப் பேர் வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். வேலைக்குச் சேரும் நாளிலேயே அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது தப்பே இல்லை.

ஏச்சு: தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. 2018 ஏப்ரலில் நடிகரும் பா.ஜ.க. பிரமுகருமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்கள் வேலையில் உயரும் விதத்தையே இழிவுபடுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். பிறகு நீக்கினார். 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ‘எப்படி மேலே வந்தா?’ என்று கேட்பவர்கள், லாப நஷ்டக் கணக்கைப் படிக்க அந்தப் பெண் உட்கார்ந்த இரவுகளைப் பார்ப்பதில்லை.

கேட்பவர் பெண், சொல்பவர் ஆண்: வணிகச் சேனலைப் பத்து நிமிடம் மௌனமாக வைத்துப் பாருங்கள். கேள்வி கேட்பவர் பெண். கட்டங்களில் தெரியும் நிபுணர்கள் பெரும்பாலும் ஆண்கள். உலகம் முழுக்கச் செய்திகளைக் கணக்கெடுக்கும் உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டத்தின் 2020 ஆய்வில், செய்தியில் பேசப்படுபவர்கள், பேசுபவர்களில் பெண்கள் 25 சதவீதம்தான். தொகுப்பாளர் நாற்காலி கிடைத்த அளவுக்கு நிபுணர் நாற்காலி கிடைக்கவில்லை.

தமிழில் என்ன நிலவரம்?

தமிழில் பெண் குரலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. டெல்லியிலிருந்து வந்த ஆகாசவாணி செய்தியில் சரோஜ் நாராயணசுவாமியின் குரலைக் கேட்டு வளர்ந்தது ஒரு தலைமுறை. சென்னைத் தொலைக்காட்சியில் ஷோபனா ரவியின் உச்சரிப்பும் புடவையும் வீட்டுக்கு வீடு பேச்சு. 2014ல் கோவையின் லோட்டஸ் நியூஸ் சேனலில் திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது.

ஆனால் வணிகச் செய்தி? ஹிந்தியில் முழுநேரச் சேனல்கள் உண்டு. குஜராத்தியில்கூட 2014ல் சி.என்.பி.சி. பஜார் வந்துவிட்டது. தமிழில் 24 மணி நேர வணிகச் சேனல் இல்லை. பொதுச் செய்தி சேனல்களில் தங்கம் விலை, சென்செக்ஸ் புள்ளி, பட்ஜெட் நாள் சிறப்பு விவாதம். அவ்வளவுதான்.

காரணம் தேடினால் மூன்று கிடைக்கும். ஒன்று, சந்தை மும்பையில் இருக்கிறது. சென்னைக்கும் ஒரு பங்குச் சந்தை இருந்தது. வியாபாரம் வற்றிப்போய், 2015 மே மாதம் செபியின் உத்தரவோடு அது விடைபெற்றது. இரண்டு, விளம்பரம். மியூச்சுவல் ஃபண்டு, புரோக்கர் நிறுவனங்களின் விளம்பரப் பணம் ஆங்கிலத்துக்கும் ஹிந்திக்கும் போகிறது. மூன்று, பழக்கம். தமிழ்க் குடும்பங்களின் சேமிப்பு ரொம்ப நாளாகத் தங்கம், நிலம், சீட்டு, வங்கி டெபாசிட் என்றே இருந்தது.

மூன்றாவது காரணம் இப்போது வேகமாக உடைந்துகொண்டிருக்கிறது. 2020 மார்ச்சில் நாட்டில் டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி. 2022 ஆகஸ்டில் 10 கோடி. 2025ல் 20 கோடியைத் தாண்டியது. இதில் தமிழ் பேசுபவர்களும் கணிசமாக இருப்பார்கள். அவர்களுக்கான செய்திதான் அவர்கள் மொழியில் இல்லை.

சென்னையில் வணிகச் செய்தியில் வளர்ந்த பெண்களும் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில், அதுவும் அச்சில். 1994ல் சென்னையில் தொடங்கிய பிசினஸ்லைன் நாளிதழில் ஆரத்தி கிருஷ்ணனின் முதலீட்டுக் கட்டுரைகளை வருஷக்கணக்காக வாசித்து வருபவர்கள் பலர். அங்கிருந்து வந்த வித்யா பாலா, பிரைம்இன்வெஸ்டர் ஆய்வுத் தளத்தின் இணை நிறுவனர்களில் ஒருவர். ஆள் இல்லாத குறை தமிழ்நாட்டுக்கு இல்லை. தமிழில் நாற்காலி போடாத குறைதான்.

யூடியூப் இருக்கே, போதாதா?

தமிழில் வணிகப் பேச்சு இன்று பெரும்பாலும் யூடியூபில்தான் நடக்கிறது. அதில் நல்லவையும் உண்டு. ஆனால் யூடியூப் ஒரு மேடை, பயிற்சிக்கூடம் அல்ல. புதிதாக வரும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு ஆசிரியர் மேஜை கிடையாது. எண்ணைச் சரிபார்க்க மூத்தவர் கிடையாது. தப்பு நடந்தால் கூடவே நிற்க நிறுவனமும் கிடையாது.

சட்டமும் இறுகியிருக்கிறது. பதிவு பெறாமல் பங்குப் பரிந்துரை சொல்பவர்களோடு புரோக்கர்களும் ஃபண்டு நிறுவனங்களும் கைகோக்கக் கூடாது என்று 2024 ஆகஸ்டில் செபி விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் இன்னும் தெளிவாகச் சொன்னது: கல்வி மட்டுமே தருகிறேன் என்பவர் கடைசி மூன்று மாத விலைத் தரவைப் பயன்படுத்தக் கூடாது. வகுப்பு என்ற பெயரில் ‘நாளைக்கு இது ஏறும்’ என்று சொல்வதைத் தடுக்கத்தான் இது.

டிவி மட்டும் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில், ஜீ பிசினஸ் சேனலில் விருந்தினராக வந்த சில நிபுணர்கள் தங்கள் பரிந்துரையை ஒளிபரப்புக்கு முன்பே சிலருக்குக் கசியவிட்டார்கள் என்று செபி இடைக்கால உத்தரவு போட்டது. 7.41 கோடி ரூபாயை முடக்கியது. இந்த இடத்தில்தான் தொகுப்பாளரின் அறிவு பார்வையாளருக்குக் கவசம் ஆகிறது. “ஏன் வாங்கணும்?”, “உங்க கையில இந்தப் பங்கு இருக்கா?” என்று குறுக்கே கேட்கத் தெரிந்தவர் எதிரே இருந்தால், இஷ்டத்துக்கு அளப்பது கஷ்டம்.

முசரவாக்கத்திலிருந்து அந்த நாற்காலி எவ்வளவு தூரம்?

முசரவாக்கத்தில் ஒரு பெண் பி.காம். முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தறி. ஜரிகை விலை ஏறினால் பாவு கொடுப்பது குறையும், கூலி நாள் குறையும் என்பது அவருக்குப் பாடப்புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல, கண்ணால் பார்த்தது. சரக்குச் சந்தை, அந்நியச் செலாவணி, இறக்குமதி வரி மூன்றும் ஒரு குடும்பத்தின் அடுப்பை எப்படித் தொடுகின்றன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டாம்.

ஆனால் இன்று அவர் வணிகச் செய்தித் தொகுப்பாளர் ஆக வேண்டுமானால் முதலில் ஆங்கிலம், பிறகு மும்பை, பிறகு மும்பை வாடகை. ஷெரீன் பானுக்கும் லதா வெங்கடேஷுக்கும் முன்னால் இருந்த ஏணி, இவருக்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, வேறு மொழியில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தன் மொழியில் தடுக்கி விழுந்து, திருத்திக்கொண்டு, கற்றுக்கொள்ள வேண்டிய முதல் ஐந்து வருஷம் அவருக்கு இல்லை.

இந்த நஷ்டம் அவருக்கு மட்டும் அல்ல. 2024 செப்டம்பர் 9ல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நடந்தது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு சரியில்லை என்று நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோது ஐபோன் தயாரிப்பே நின்றது. வணிக ஊடகம் இவற்றை முதலீட்டுச் சூழல், உற்பத்திச் சங்கிலி என்று பார்த்தது. தமிழ்ச் சேனல்கள் போராட்டம், போக்குவரத்து நெரிசல் என்று பார்த்தன. சங்கத் தலைவர் பேசும் தமிழும் நிறுவனத்தின் நிதி அறிக்கையும் ஒன்றாகப் புரிகிற ஒருவர் நேரலையில் இருந்திருந்தால், முழுக் கதையும் ஒரே இடத்தில் கிடைத்திருக்கும்.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர் என்ன செய்யலாம்?

ஏறியவர்களின் கதையிலிருந்து எடுக்கக்கூடிய பாடங்கள் இவை.

• ஒரு பீட்டைப் பிடியுங்கள். தமிழ்நாட்டில் உழப்படாத வயல் நிறைய: ஜவுளி, ஆட்டோமொபைல், மின்னணு உற்பத்தி, தங்கம், கரூர் வைசியா, சிட்டி யூனியன், தமிழ்நாடு மெர்க்கன்டைல் போன்ற நம் ஊர் வங்கிகள்.

• மூல ஆவணத்தைப் படியுங்கள். காலாண்டு முடிவுகள் பங்குச் சந்தைகளின் இணையதளத்தில் இலவசம். ரிசர்வ் வங்கியின் கொள்கை அறிக்கையும், பத்திரிகையாளர் சந்திப்பின் எழுத்து வடிவமும் அதன் தளத்திலேயே உண்டு. யார் என்ன கேட்டார் என்று அதைப் படிப்பதே ஒரு வகுப்பு.

• செபி அமைத்த என்.ஐ.எஸ்.எம். நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகளில் ஒன்றையாவது எழுதுங்கள். அறிவுக்கும் உதவும், ‘இவளுக்கு என்ன தெரியும்’ என்பவருக்குப் பதிலாகவும் உதவும்.

• ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஷிஃப்ட், போக்குவரத்து, பேறுகால விடுப்புக்குப் பிறகான பொறுப்பு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

சேனல்கள் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் அல்ல. முழுநேரச் சேனல் வேண்டாம். நாளுக்கு அரை மணி நேரம், அதற்கென்று இரண்டு நிருபர்கள், ஓர் ஆசிரியர். அந்த அரை மணி நேரத்தில் வளர்பவர்தான் பத்து வருஷம் கழித்து ரிசர்வ் வங்கி ஆளுநரைக் கேள்வி கேட்பார்.

அதுவரை பட்ஜெட் நாளில் காஞ்சிபுரத்துத் தறிக்காரர் டிவியைப் போட்டால், நிதியமைச்சர் என்ன புடவை கட்டியிருக்கிறார் என்பது தமிழில் தெரிந்துவிடும். அந்தப் புடவையின் ஜரிகை நாளைக்கு என்ன விலை என்பது மட்டும் தெரியாது.